பழத்தோல் மேட்டில் புதைத்த மாவு

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் பேனா எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. அதிலும் ஓர் ஆண்பிள்ளை சமையலைப் பற்றி எழுத வருவது. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் நான். பஸ்ஸில் எங்கள் இடம் வந்தும், நிறுத்தச் சொல்லத் தயங்கி, அடுத்த இடத்தில் இறங்கி நடந்து வந்த நாட்கள் உண்டு. தப்பும் தவறுமாக இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டீக்கடையில் பேப்பரோடு வந்து கிடக்கும் சமையல் இணைப்பை நான் விடாமல் படிப்பேன். வீட்டுச் சமையலில் சிலருக்கு ஏன் இப்படிப் பைத்தியம் பிடிக்கிறது என்று அதில் ஒருமுறை எழுதியிருந்தார்கள். ருசி, உடம்புக்கு நல்லது, பிள்ளைகளின் சந்தோஷம் என்று காரணங்கள் போட்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். என் காரணம் அதில் இல்லை. அதைச் சொல்லலாமே என்று தோன்றி நாளாகிவிட்டது.

சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் பல்ப்பர் கொட்டகையில் எனக்கு வேலை. பறித்து வரும் பழத்தின் சிவப்புத் தோலை மிஷின் உரித்துத் தள்ளிவிடும். உள்ளிருக்கும் கொட்டையின் மேல் வழவழவென்று ஒரு பசை இருக்கும். கொட்டையைத் தொட்டியில் போட்டு வைத்தால் ஒன்றரை நாளிலோ இரண்டு நாளிலோ புளித்துப் பசை கழன்றுவிடும். கழன்றுவிட்டதா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. ஒரு கை அள்ளித் தேய்த்தால் கூழாங்கல்லைத் தேய்த்த மாதிரி கரகரவென்று சத்தம் வர வேண்டும். அதற்குக் கடிகாரம் உதவாது. குளிர் கூடினால் நேரமும் கூடும். இருபத்தைந்து வருடமாகக் கையையும் காதையும் நம்பிச் செய்கிற வேலை அது.

என் மனைவி அதே எஸ்டேட்டில் பழம் பறித்தவள். செடியிலும் கிளையிலும் உரசி உரசி அவள் விரல் நுனியில் ரேகையே இருக்காது. ரேஷன் கடை மிஷினில் ஏழெட்டுத் தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க விரலு செத்துப் போச்சுங்கம்மா, ஊட்டுக்காரர வரச் சொல்லுங்க" என்று கடைக்காரர் திருப்பி அனுப்புவார். அப்போது என் விரல் பரவாயில்லாமல் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் மகளுக்கு ஓசூரில் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் கம்பெனியில் ஷிப்டு மாற்றி மாற்றிப் போகிறவர்கள். குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். "மூணு மாசந்தாங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி போனாள். மூன்று மாதம் ஆறாகி, வருடமாகி, அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒருமுறைதான் வந்தாள், ஒரு சாவுக்கு. அன்று மாலையே திரும்பிவிட்டாள். நான் ஒருமுறை அங்கே போய் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாவது மாடி. எங்கே நின்றாலும் யாருக்காவது வழியை மறித்த மாதிரி இருந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

எஸ்டேட் லைனில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அவள் போன புதிதில் சமையல்கட்டுப் பக்கமே நான் போகவில்லை. டீக்கடையில் பன், சில நாள் பரோட்டா. ஒரு மழைநாளில் கடை திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் ரசம் வைக்கலாம் என்று எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டேன். அது வெடித்தபோது திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அந்த வீட்டில் என்னைத் தவிர வேறொன்று சத்தம் போட்டு வெகுநாள் ஆகியிருந்தது. டிவி இருக்கிறதுதான். அது யாருக்கோ பேசிக்கொண்டிருக்கும். கடுகு நான் போட்டதற்காக வெடித்தது.

ரசம் நன்றாக இல்லை. ஆனாலும் மறுநாள் கடைக்குப் போகவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. யாரிடமும் கேட்டுக் கற்றுக்கொள்ளக் கூச்சம். பழம் எடை போடும் இடத்தில் பெண்கள், முந்தின நாள் என்ன குழம்பு, எதைப் போட்டு எதை அரைத்தது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சாக்கைக் கட்டுவது போல அங்கேயே நின்று கேட்பேன். மகள் கொடுத்த பழைய செல்போனுக்கும் அந்த இடத்தில்தான் சிக்னல். சமையல் வீடியோக்களைச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன். பக்கத்தில் ஆள் வந்தால் அணைத்துவிடுவேன், ஏதோ தகாததைப் பார்த்தவன் மாதிரி.

இட்லி மாவுதான் என்னை முழுக்கப் பிடித்துக்கொண்டது. ராத்திரி அரைத்து வைத்தால் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும் என்று வீடியோவில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள். எங்கள் குளிரில் எட்டு மணி நேரத்துக்கு அப்புறமும் மாவு வைத்த இடத்தில் வைத்த மாதிரி கிடந்தது. கம்பளி சுற்றினேன். அடுப்போரம் வைத்தேன். உளுந்தை மாற்றினேன். ஒரு சிட்டிகை வெந்தயத்துக்கு இத்தனை, ஒரு கை உப்புக்கு இத்தனை மணி நேரம் என்று கைக்குப் பிடிபடப் பல மாதம் ஆயிற்று. தொட்டிக்குள் கொட்டை புளிப்பதும் சட்டிக்குள் மாவு புளிப்பதும் ஏறக்குறைய ஒரே சமாசாரம் என்று தெரிந்த பிறகு சுலபமாகிவிட்டது.

காலையில் வேலைக்குப் போகும்போது சட்டியில் பாதி இருக்கும். சாயங்காலம் வந்து மூடியைத் திறந்தால் விளிம்பு வரை வந்து நிற்கும். நான் இல்லாத நேரத்திலும் வீட்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது. அதைப் பார்க்கவே வேகமாக நடந்து வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். முன்பெல்லாம் பல்ப்பர் நின்ற பிறகும், கழுவின தொட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தவன். எனக்குச் சமையலில் பைத்தியம் பிடித்த காரணம் அதுதான். ருசியெல்லாம் பிற்பாடு வந்தது.

ஒரு ஆளுக்கு அளந்து செய்ய மட்டும் எனக்கு வரவில்லை. பதினாறு இட்லி அவித்து, நாலு தின்றுவிட்டு, மீதிப் பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்றுகொண்டார். பழம் பறிப்பவர், என் மனைவியோடு ஒன்றாக வேலைக்குப் போனவர். குரல் பெரியது.

"ஏனுங்ணா, ஊட்டுக்கு ஆரு வந்திருக்கறாங்க?"

"யாரும் வரலீங்களே."

"அப்ப இந்த வாசம் எங்கிருந்து வருது? எங்கூட்டு நாய் ரெண்டும் உங்கூட்டு வாசல்லயே கெடக்குதுங்க. அட, கைய எதுக்குப் பொறத்தால வெச்சிருக்கறீங்க? என்னமோ ஒளிக்கறாப்பல இருக்குது."

முன்னால் நீட்டிக் காட்டினேன்.

"கரண்டியா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் சாராயமோன்னு பயந்துட்டனுங்க."

அன்று முதல் மீதி இட்லி அவர் வீட்டுக்குப் போயிற்று. "அக்காவுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

முதலில் கூச்சம்தான். ஆனால் பிறகு காரணம் வேறாகிவிட்டது. என் மனைவி தினமும் சாயங்காலம், நான் எடை மேடையில் இருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்வாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். "ஆச்சு" என்பேன். "என்னத்தச் சாப்பிட்டீங்க?" "என்னமோ ஒண்ணு." அதற்குமேல் எங்களுக்குப் பேச அதிகம் இருக்காது. நன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கேள்வியும் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

போன மார்கழியில், பறிப்பு மும்முரமாக இருந்தபோது, வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே போன் வந்தது. ரேஷன் கார்டில் பேர் உள்ளவர்கள் எல்லோரும் கடைக்கு வந்து விரல் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள் என்று கடைக்காரர் சொன்னதை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"வியாழக்கிழம வர்றனுங்க. புள்ள ரெண்டு நாளு லீவு போட்டிருக்கறா" என்றாள். பிறகு, "அவ மறுக்கா முழுகாம இருக்கறாங்க" என்றாள்.

"நல்லதுதானுங்களே" என்றேன். சில நேரம் நானும் அவளை 'ங்க' போட்டுப் பேசிவிடுவேன். போனில் அப்படி வந்துவிடுகிறது.

"இன்னம் ரெண்டு மூணு வருசம் இருந்து குடுங்கம்மாங்கறா. இல்லாட்டி இப்பவே வேற ஆளப் பாத்துக்கறனுங்கறா. நான் ஒண்ணுஞ் சொல்லல. உங்களக் கண்ணுல பாத்துட்டுத்தான் சொல்லோணும். நீங்க அங்க தேஞ்சு போய்க் கெடந்தீங்கன்னா, நான் எப்படீங்க இங்கயே குந்தியிருக்கறது?"

நான் "சரி" என்றேன். போனை வைத்த பிறகும் எடை மேடையிலேயே நின்றிருந்தேன்.

விஷயம் பக்கத்து வீட்டம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருவேளை என் மனைவியே சொல்லியிருக்கலாம்.

"இதப் பாருங்ணா. நாஞ் சொல்றத மட்டும் கேளுங்க. ஒரு வாரத்துக்குச் சவரம் பண்ணாதீங்க. அவிங்க வந்து எறங்கறப்ப ரெண்டு இருமு இருமுங்க. சோத்தக் கொழைய வுட்டு, கொழம்பக் கருக வுட்டு வெய்யுங்க. நீங்க பாட்டுக்குப் பூவாட்டம் இட்லி அவிச்சு வெச்சீங்கன்னா, அக்கா மவராசியாத் திரும்பிப் போயிருவாங்க, ஆமா."

சிரித்தேன். ஆனால் நாலு நாள் சவரம் செய்யவில்லை. அவள் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அதே நேரம், நான் அவித்த இட்லியை ஒருமுறையாவது அவள் சாப்பிட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று பக்கத்து வீட்டம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. எனக்குப் புரிய நேரம் பிடித்தது.

இட்லிதான் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. கீழிருந்து வரும் கொண்டை ஊசி வளைவுகள் அவளுக்கு ஆகாது. ஏழாவது வளைவிலேயே தலையை வெளியே நீட்டிவிடுவாள். அதனால் சேலத்தில் எதையும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வருவாள். மேலே வந்து அரை மணி நேரம் கழித்துப் பசி எடுக்கும். அப்போது எண்ணெய் வாசமே ஆகாது. வெள்ளை இட்லி மட்டும் இறங்கும்.

புதன்கிழமை விடியற்காலையில் அரைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்று நாளாகப் பனி விலகவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் மாவு அசையவே இல்லை. கம்பளியை எடுத்துத் தொட்டால் சட்டி சில்லென்று இருக்கிறது. மறுநாள் பதினொரு மணிக்கு அவள் வந்துவிடுவாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பல்ப்பர் கொட்டகைக்குப் பின்னால், உரித்துத் தள்ளிய பழத்தோலை எருவுக்காக ஆள் உயரத்துக்குக் குவித்திருப்போம். ஈரத்தோல் குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறிவிடும். பனிக்காலையில் மேட்டிலிருந்து ஆவி பறக்கும். லைன் நாய்கள் எல்லாம் அதன்மேல்தான் படுக்கும். முழங்கை வரை கையை விட்டால் வெந்நீர் அண்டாவுக்குள் விட்டது போல இருக்கும். எனக்கு நன்றாகப் பழகிய சூடு. இருட்டுவதற்குள் சட்டியின் வாயைத் துணியால் கட்டி, மூடி போட்டு, சாக்கைச் சுற்றி, மேட்டில் குழி பறித்துப் புதைத்தேன். தொட்டிக்கே நேரம் சொல்லுகிற கைக்கு ஒரு சட்டி மாவு எம்மாத்திரம் என்று கொஞ்சம் திமிரும் இருந்தது.

வியாழக்கிழமை காலை போனபோது, புதைத்த இடத்துக்கு நேர் மேலே ஒரு நாய் சுருண்டு கிடந்தது. அதை எழுப்பிவிட்டுத் தோண்டினேன். மூடியைத் திறந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாவு துணியை முட்டிக்கொண்டு நின்றது. அப்படி ஒரு பொங்கலை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து முதல் ஈடு அவித்தேன். பஞ்சு மாதிரி வந்தது. சவரம் செய்துகொண்டேன். பிறகு இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்த அம்மா ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"ஏனுங்ணா! இது இட்லிங்களா, எருக்குழிங்களா?"

எனக்கு விளங்கவில்லை. நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. எங்கே வைத்தேன் என்று சொன்னதும் அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பழத்தோலு மேட்டுலயா! அய்யோ சாமி! பல்ப்பர்லயே கெடந்து கெடந்து உங்களுக்கு மூக்கே போயிருச்சுங்ணா. இருவத்தஞ்சு வருசமா அந்த நாத்தத்துல நிக்கறீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அது வரைக்கும் எனக்கு அப்படி ஒரு குறை இருப்பது தெரியாது. அழுகின பழத்தோலின் ஆவி முழுவதும் ராத்திரி அந்தத் துணி வழியாக மாவுக்குள் இறங்கியிருக்கிறது. மூன்று வருடமாக நான் தாளித்தது, வறுத்தது எல்லாவற்றையும் அரை மூக்கோடுதான் முகர்ந்திருக்கிறேன்.

அந்த அம்மா சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "அண்ணா, வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. இதையே அவிச்சு வெய்யுங்க. அக்கா ஒரு வாய் வெச்சாப் போதும். இந்த மனுசன் இதத் தின்னுட்டுத்தானா மூணு வருசமா உசுரோட இருக்கறாருன்னு அடுத்த பஸ்ஸ மறந்துருவாங்க."

சட்டியோடு சமையல்கட்டில் நின்றேன். அவர் சொன்னது அப்படியே நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி முகம் சுளிக்கமாட்டாள். எப்படியாவது இரண்டை விழுங்கிவிடுவாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பிடித்துக்கொள்வாள். சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவாள். நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. பேசத் தெரியாதவனுக்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது.

சட்டியை எடுத்துக்கொண்டு போய் அதே மேட்டில் கவிழ்த்தேன். நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போயிற்று.

நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. வாந்தி எடுத்து வெறும் வயிற்றோடு வருகிறவளுக்கு, கெட்டது என்று தெரிந்த ஒன்றைத் தட்டில் வைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். ஒரு காலத்தில் வந்திருக்கலாம். சமைக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் அவித்ததை அப்படியே வைத்திருப்பேன்.

நேரம் ஒன்பதரை. சாமை இருந்தது. நாலு மிளகும் பூண்டும் போட்டுக் குழையக் கஞ்சி வைத்தேன். கொள்ளுப் பயறை வறுத்துத் துவையல் அரைத்தேன். இந்தத் தடவை என் மூக்கை நம்பாமல் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்குது. உங்களத்தான் திருத்த முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மனைவி பதினொன்றே காலுக்கு வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். உடம்பைச் சாய்த்து அரை மணி நேரம் படுத்திருந்தாள். பிறகு கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். முழுவதையும் குடித்துவிட்டு விரலால் துவையலை வழித்தாள்.

"பக்கத்தூட்ல குடுத்தாங்களா?"

"இல்ல. நாந்தான்."

"சும்மா சொல்லாதீங்க."

எழுந்து சமையல்கட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போய் நிலையோரம் நின்றேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தாள். இடித்து வைத்த பொடி, காயவைத்த வடகம், வெயிலில் வைத்து எடுத்த நார்த்தங்காய். கிரைண்டரைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. அதற்குள் வாசலில் இருந்து பெரிய குரல் வந்தது.

"அண்ணந்தானுங்க்கா! எங்கூட்டுக்கே இட்லி இவிங்க ஊட்ல இருந்துதான். இந்த லைன்லயே கைப்பக்குவம் இவிங்களுக்குத்தான். சொல்ல மாட்டாரு, வாயில மண்ணு!"

என் மனைவி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? நித்தமும் சோத்துல கை வெக்கறப்ப, நீங்க இங்க பன்னத் தின்னுட்டுக் கெடக்கறீங்கன்னு நெனப்பு வந்துருமுங்க. மூணு வருசமா ஒரு நாளு எனக்கு ஒழுங்காச் சோறு எறங்கல."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கேட்கும் ஒரு கேள்வியைக் காப்பாற்றுவதற்காக நான் மறைத்தது, அங்கே அவள் தட்டில் தினமும் போய் விழுந்திருக்கிறது.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருடமோ ஆகிவிட்டது. "நொம்ப நல்லா இருந்துச்சுங்க கஞ்சி. இனிமேட்டு எனக்குக் கவலையில்ல" என்றாள். போனை எடுத்துக்கொண்டு சிக்னலுக்காக எடை மேடைப் பக்கம் நடந்தாள். அங்கிருந்து அவள் பேசியது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. "அப்பா நல்லா இருக்கறாரு சாமி. நல்லாவே இருக்கறாரு. நான் நாளைக்கே வந்தர்றன்."

திரும்பி வந்தபோது நான் அவள் குடித்த கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னங் கொஞ்சம் கஞ்சி இருக்குது. ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"ஊத்துங்க" என்றாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் ரேஷன் கடைக்குப் போனோம். பறிப்பை விட்டு மூன்று வருடமான அவள் விரலை மிஷின் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. அடுப்பிலும் சட்டியிலும் சுட்டுச் சுட்டுத் தோல் உரிந்த என் விரலை ஆறு தடவை வைத்தும் எடுக்கவில்லை. தோல் ஆறின பிறகு வரச் சொன்னார்கள். அவள் பத்தரை மணி பஸ்ஸில் போனாள். நான் பல்ப்பருக்குப் போய், இரண்டாம் தொட்டியைக் கழுவிவிட்டேன்.